உதவி அரிசி உரியவர் கைக்குச் சேர

(நீலாய் வட்டாரத் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



பாத்திரமறிந்து பிச்சையிடு என்பர் நம் முன்னோர். ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு உணவு வழங்கும்போது பாத்திரமறிதல் மட்டும் போதாது. இட்ட உணவு அப்பாத்திரத்தில் விழுந்ததா என்றும் பார்த்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டில் இலங்கை கடும் பொருளாதார நெருக்கடிக்கு உள்ளாயிற்று. நம்மைப் போன்ற தோட்டப் பாட்டாளிகளும் அரிசிக்கும் பால்மாவுக்கும் அல்லலுற்றனர். அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் உதவித் தீர்மானம் நிறைவேற்றிற்று. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் ஆகியவற்றின் மதிப்பு 123 கோடி ரூபாய். முதற்கப்பல் மே 18ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்டது.

மாநில அரசு தானாகவே பிற நாட்டுக்கு உதவி அனுப்ப இயலாது. எனவே மத்திய அரசின் இசைவு பெறப்பட்டது. கொழும்பில் இந்தியத் தூதர் பொருள்களை இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். இவ்வாறு துறைமுகம், கிடங்கு, லாரி, பெயர்ப்பட்டியல் எனப் பல கைகளைக் கடந்தே உதவி அரிசி உலைக்கு வருகிறது. கை மாறும் இடந்தோறும் கணக்கு வேண்டும்.

கணக்குத் தவறினால் நேர்வதை எதியோப்பியாவில் கண்டோம். உதவிக் கோதுமை களவாடப்பட்டுச் சந்தையில் விற்கப்படுவதாகக் கண்டறிந்த அமெரிக்க உதவி நிறுவனமும் ஐக்கிய நாட்டு உலக உணவுத் திட்டமும் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாடு முழுவதிலும் உணவு வழங்குவதை நிறுத்தின. சுமார் 2 கோடிப் பேர் உதவியை எதிர்பார்த்திருந்த நாடு அது. பெறுவோரைப் புதிதாகப் பதிவு செய்து, மூட்டைகளுக்கு அடையாளமிட்டுக் கண்காணிப்பை இறுக்கிய பின்னரே, பல மாதங்கள் கழித்து, உணவு முழு அளவில் மீண்டும் வந்தது. திருடியவர் சிலர்; பட்டினி கிடந்தவரோ ஏதுமறியா ஏழைகள்!

ஆகவே, களவு நேர்ந்தபின் உதவியை நிறுத்துவதைக் காட்டிலும் நேராமற் காப்பதே அறிவுடைமை. அதில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு, பெறுவோர்க்கும் பங்குண்டு.

வெட்டிய பாலை நிறுக்கும்போது தராசு முள்ளையும், கிராணியார் புத்தகத்தில் எழுதும் எண்ணையும் நாம் கவனிக்கின்றோமல்லவா? அவர்மீது ஐயமுண்டு என்பது அதன் பொருளன்று. உழைப்பின் கணக்கு நேராயிருக்க வேண்டும் என்பதே. 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நம் நாட்டிலும் உணவுக்கூடைகள் வழங்கப்பட்டன. வெள்ளக் காலங்களிலும் நிவாரணப் பொருள்கள் வருவதுண்டு. அப்போதெல்லாம் குடும்பத்துக்கு எவ்வளவு என்று கேட்டறிவோம். பொருளைப் பெற்ற பின்னரே கையொப்பமிடுவோம். குறை கண்டால், நாள், இடம், அளவு குறித்து உரிய அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிப்போம்.

குற்றச்சாட்டு யாவும் குற்றமாகிவிடா. விசாரணையே உண்மையைக் காட்டும். எனினும், செவிவழிச் செய்தியாய்த் தோட்டமெங்கும் பரப்புவதாலும், அஞ்சி வாளாவிருப்பதாலும் எவர் பசியும் தீராது. கேட்டுப் பெறுதல் பிச்சையன்று, உரிமையும் கடமையுமாகும்.