சர்க்கார் உடுப்பும் கொலைக் குற்றமும்
(பாளையங்கோட்டையில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வக்கீல்களுக்கு உரியது, நமக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஒரு நாட்டுச் சர்க்கார் உத்தியோகஸ்தன் மற்றொரு நாட்டாருக்குக் குற்றம் செய்தால் அந்த நாட்டுக் கோர்ட்டு அவனை விசாரிக்கலாமா, கூடாதா என்பதே விஷயம். வக்கீல்கள் சண்டையாய் மாத்திரம் இருந்தால் நாமும் சும்மா இருந்துவிடுவோம். ஆனால் இந்த வழக்கில் சுடப்பட்டு மாண்டவர்களில் ஒருவர் நமக்கு அடுத்த கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்த மீன்பிடித் தொழிலாளி. ஆகவே இது நம்முடைய விஷயமேயாகும்.

நடந்ததை முதலில் சொல்லுகிறோம். 2012-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி மாலை, கேரளக் கரைக்குச் சுமார் 20 கடல் மைல் தூரத்தில் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடி விசைப்படகு போய்க்கொண்டிருந்தது. அவ்வழியே 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலி நாட்டு எண்ணெய்க் கப்பல் வந்தது. கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்து அதில் இத்தாலியக் கடற்படைச் சிப்பாய்களைக் காவலுக்கு ஏற்றியிருந்தார்கள். கப்பலிலிருந்து சுட்டார்கள். படகில் இருந்த இருவர் மாண்டார்கள். ஒருவர் கொல்லத்தார், மற்றவர் குமரி ஜில்லாக்காரர். இரண்டு பேரிடமும் துப்பாக்கி இல்லை.

கேரளப் போலீசார் சிப்பாய்கள் இருவரைக் கைது செய்தார்கள். 2013 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, விசாரிக்கும் அதிகாரம் கேரளத்துக்கு இல்லை, மத்திய சர்க்காருக்கே உண்டு என்றது. அடுத்த மாதம் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறோம் என்று சிப்பாய்கள் இத்தாலிக்குப் போனார்கள். மார்ச்சு மாதம் இத்தாலிச் சர்க்கார், அவர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம் என்றது. உடனே சுப்ரீம் கோர்ட்டு இத்தாலித் தூதர் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று உத்தரவிட்டது. பிறகுதான் சிப்பாய்கள் திரும்பி வந்தார்கள்.

2015-ல் இத்தாலி இதைச் சர்வதேச மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோயிற்று. ஐந்து மத்தியஸ்தர்கள் கேட்டு, 2020-ம் வருஷம் மே 21-ந் தேதி தீர்ப்புச் செய்தார்கள். இந்தியப் படகின் கடற் பிரயாண உரிமையை இத்தாலி மீறியது. அதற்காக நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்றார்கள். ஆனால் சிப்பாய்கள் தங்கள் சர்க்கார் வேலையில் இருந்து செய்த காரியமாதலால், இந்தியக் கோர்ட்டு அவர்களைக் கிரிமினலாக விசாரிக்கக்கூடாது என்று மூன்று பேர் சொன்னார்கள். இரண்டு பேர் ஒப்பவில்லை. மூன்று பேர் சொன்னதே தீர்ப்பாயிற்று.

2021 ஜூன் 15-ந் தேதி, இத்தாலி கட்டிய 10 கோடி ரூபாயைப் பெற்றுக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்துவிட்டது. மாண்டவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 4 கோடி, படகுக்காரருக்கு 2 கோடி. குடும்பத்தார் சம்மதித்தே வாங்கினார்கள். ஒன்பது வருஷம் கோர்ட்டு வாசலில் காத்திருந்தவர்களைக் குறை சொல்ல எவருக்கும் யோக்கியதை கிடையாது. "எங்கள் நாட்டிலேயே விசாரிப்போம்" என்று இத்தாலி மத்தியஸ்தர் முன் சொல்லியிருந்ததே, அது என்ன ஆயிற்று? 2022 ஜனவரியில் ரோமாபுரி நீதிபதி ஒருவர், போதிய சாட்சியமில்லை என்று அதையும் தள்ளிவிட்டார்.

தோழர்களே! அந்தச் சிப்பாய்கள் கொலைகாரர்கள் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கொள்ளைக்காரர் என்று நினைத்து எச்சரிக்கைக்குத் தண்ணீரில் சுட்டோம் என்பது அவர்கள் கட்சி. அது மெய்யாகவும் இருக்கலாம். மெய்யா பொய்யா என்று சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் கேட்க ஓர் இடம் வேண்டாமா? இந்தியா விசாரிக்கக்கூடாது, இத்தாலி விசாரிக்காது என்றால், செத்தவனுக்கு நியாயம் எந்த ஊரில் இருக்கிறது?

இந்தக் காப்புக்கு எதிர்க்கட்சியார் சொல்லும் காரணத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. எல்லா நாடும் சமம்; ஒரு நாடு மற்றொரு நாட்டின் மீது நீதிபதியாக உட்காரக்கூடாது என்கிறார்கள். நாட்டின் அதிபதி, பிரதம மந்திரி, வெளிநாட்டு மந்திரி ஆகியோருக்குப் பதவியில் இருக்கும் வரை அந்நிய நாட்டுக் கைது கிடையாது. 2002-ல் காங்கோ நாட்டு மந்திரி விஷயத்தில் ஹேக் நகர உலகக் கோர்ட்டு இதையே சொன்னது. இதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். இல்லாவிட்டால் பேச்சு நடத்தப் போனவரையெல்லாம் பிடித்து அடைத்து, சமாதானப் பேச்சே நடவாது.

ஆனால் பதவிக்குள்ள காப்பு வேறு, காரியத்துக்குக் கொடுக்கும் காப்பு வேறு. பதவிக் காப்பு பதவியோடு போய்விடும். காரியக் காப்போ, சர்க்கார் பேரால் செய்தேன் என்று சொன்னால் ஆயுள் முழுவதும் கூடவே வரும். மேலூர்த் தலையாரி கீழூரில் ஒருவனை அடித்துக் கொன்றுவிட்டு, "எங்கள் ஊர் நாட்டாண்மை அனுப்பித்தான் வந்தேன், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துதான் கேட்கலாம்" என்று சொல்லி, மேலூர்ப் பஞ்சாயத்தும் கேட்காமல் விட்டால், கீழூரார் அதற்கு நீதி என்று பெயர் வைப்பார்களா?

பிராமணன் எந்தக் குற்றம் செய்தாலும் கொல்லக்கூடாது, பொருளோடு ஊரைவிட்டு அனுப்பினால் போதும் என்று மனு எழுதிவைத்தான். பிறப்பைப் பார்த்துத் தண்டனை என்றதை நாம் ஏன் எதிர்த்தோம்? குற்றத்தைப் பாராமல் ஆளைப் பார்த்ததனால் அல்லவா? பூணூலைப் பார்த்தாலும் சரி, உடுப்பைப் பார்த்தாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

உலகம் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ந்து வருகிறது. சிலி நாட்டு முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998-ல் லண்டனில் கைதானார். முன்னாள் அதிபதி என்பதற்காகச் சித்திரவதைக் குற்றத்துக்குக் காப்பு இல்லை என்று 1999-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்த்தார்கள். உடல் நலமில்லை என்று பிறகு அவரை விட்டுவிட்டார்கள் என்றாலும் தீர்ப்பு நின்றது. 2017-ல் ஐக்கிய நாடுகளின் சட்டக் கமிஷன் தன் நகலில், இனப்படுகொலை, யுத்தக் குற்றம், சித்திரவதை முதலிய ஆறு வகைக் குற்றங்களுக்குக் காரியக் காப்பு செல்லாது என்று எழுதிற்று. அதிலும் கமிஷனர்கள் ஒருமனப்படாமல் ஓட்டெடுத்தே முடித்தார்கள். மீன் பிடிக்கப் போனவனைச் சுட்டது அந்த ஆறிலும் சேராது.

அந்நியனை மாத்திரம் சொல்லிவிட்டுப் போவது யோக்கியமாகாது. நம் நாட்டிலும் சர்க்கார் அனுமதி இல்லாமல் பல உத்தியோகஸ்தர்கள் பேரில் வேலை சம்பந்தமான குற்றத்துக்குக் கோர்ட்டு வழக்கெடுக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 197-வது பிரிவு என்றிருந்தது, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 218-வது பிரிவாக இருக்கிறது. 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகக் கொள்ளவேண்டும் என்று சேர்த்தது ஒன்றே லாபம். 1999 ஜூலை 23-ந் தேதி, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கலெக்டர் கச்சேரிக்கு ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் தடியடி நடந்து, 17 உயிர் போனது இந்த ஊராருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. கமிஷன் வைத்தார்கள். கமிஷன் அறிக்கை கொடுக்கும். கோர்ட்டைப் போலத் தண்டனை கொடுக்காது.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. தூதருக்கும் பதவியில் உள்ள அதிபதிக்கும் காப்பு இருக்கட்டும். மற்றவனுக்குக் காப்புக் கேட்கும் சர்க்கார், தானே அவனைப் பகிரங்கமாக விசாரிக்கவேண்டும். செத்தவன் வீட்டார் அங்கே போய்ச் சாட்சி சொல்லவும் கேள்வி கேட்கவும் வழி செய்யவேண்டும். குறித்த காலத்தில் விசாரிக்கத் தவறினால் காப்பும் தானே ஒழியவேண்டும். பணம் நஷ்டத்துக்கு ஈடாகலாமே தவிர, விசாரணைக்கு ஈடாகாது. இதையே உள்நாட்டு உத்தியோகஸ்தர் விஷயத்திலும் கேட்க நமக்குத் தைரியம் வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள், பதில் சொல்லும்வரை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.