கேஸ் போடுறதுக்கு முன்னாடி: பிக்கப் வண்டியில ஏ.சி., ஹீட்டர் கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இன்னிக்கு கோடிங் கிடையாது. ஒரு பிக்கப் வண்டியோட டேஷ்போர்டுக்குப் பின்னாடி போகப்போறோம். "எங்கிட்ட பிக்கப் இல்லையே ப்ரோ"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு தகவல்: கார்லயும் இதே சிஸ்டம்தான்.

அப்போ ஏன் பிக்கப்? உங்க தெருவுக்கு வர்ற தக்காளியும் தண்ணி கேனும் அதுலதான் வருது. ஓட்டுறவருக்கு அந்த கேபின்தான் ஆபீஸ். 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகுற லாரிகள்ல டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம்னு மத்திய அரசு விதி போட்டிருக்கு. ஆனா அது லோடோட சேர்த்து மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல இருக்குற வண்டிகளுக்குத்தான். சின்ன பிக்கப்கள் அந்தக் கோட்டுக்குக் கீழ நின்னுடுது. அதுல ஏ.சி. இருந்தாலே பெரிய விஷயம். அதுவும் கெட்டுப்போனா, செலவு அன்னிக்கு வாடகையிலதான் விழும்.

கூலிங் இல்லன்னு வொர்க்‌ஷாப் போனா முதல்ல வர்ற பதில் என்ன? "கேஸ் கம்மியா இருக்குண்ணே, டாப்-அப் பண்ணிடலாம்." இங்கதான் நாம கொஞ்சம் நிக்கணும். ஏ.சி. கேஸ், டீசல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்ல. மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்திக்கிட்டே இருக்கும். ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல துளித்துளியா குறையலாம். ஆனா நாலஞ்சு மாசத்துல கூலிங் போயிடுச்சுன்னா எங்கயோ லீக் இருக்கு. அதை அடைக்காம கேஸ் போடுறது, மெமரி லீக் இருக்குற சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருக்குற மாதிரி.

என் சித்தப்பா கொடைக்கானல்ல இருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கு கேரட், பீன்ஸ் லோடு அடிக்கிறவர். ரெண்டு வருஷத்துல மூணு தடவை கேஸ் போட்டார். கடைசியில வேற ஒரு மெக்கானிக் சோதிச்சப்ப, கண்டென்சர் பக்கத்துல ஒரு இணைப்புல இருந்த ரப்பர் வளையம் காய்ஞ்சு போயிருந்துச்சு. ஒரு தடவை கேஸ் போடுற செலவுல சின்ன பங்குகூட ஆகாத பொருள்.

சரி, நாமளே எப்படி சோதிக்கிறது? மூணு கேள்வி போதும்.

முதல் கேள்வி: காத்து வருதா? ப்ளோயர் கடைசி ஸ்பீடுல மட்டும் ஓடுதுன்னா, பெரும்பாலும் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கும். எல்லா ஸ்பீடுலயும் காத்து கம்மின்னா, கேபின் ஃபில்டர் இருக்குற வண்டியில அதைக் கழட்டிப் பாருங்க. முதல்ல நல்லா குளிர்ந்து, போகப்போக காத்து குறைஞ்சு, கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணினா திரும்ப சரியாகுதா? கூலிங் காயில்ல ஐஸ் கட்டுது.

ரெண்டாவது: குழாய் குளிருதா? ஏ.சி.யை ஆன் பண்ணி, அஞ்சு நிமிஷம் கழிச்சு பானெட்டைத் திறங்க. ஓடுற பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துண்டோ போகக்கூடாது. கேபினுக்குள்ள போற ரெண்டு ஏ.சி. குழாய்ல தடிமனானதைத் தொடுங்க. ஜில்லுன்னு வேர்த்திருக்கா? அப்போ கேஸ் வேலை செய்யுது. உள்ள சூடா வருதுன்னா, சூட்டையும் குளிரையும் கலக்குற தகடு நடுவுல சிக்கியிருக்கலாம். டேஷ்போர்டுக்குள்ள 'டிக் டிக்'னு சத்தம் வந்தா, அதைத் திருப்புற குட்டி மோட்டார்ல பல்லு உடைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். குழாய் குளிரவே இல்லன்னா, கம்ப்ரசர் ஓடுதான்னு பாருங்க. ஓடலைன்னா ஃபியூஸ், ரிலே முதல்ல.

மூணாவது: எப்போ குளிரல? ஹைவேல ஜில்லுன்னு இருந்து சிக்னல்ல நின்னா சூடாகுதுன்னா, கண்டென்சர் ஃபேனைப் பாருங்க, இல்லன்னா கண்டென்சர்ல அடைஞ்சிருக்குற தூசியைக் கழுவுங்க.

இப்போ ஹீட்டர். நம்ம ஊர்ல அது எதுக்குன்னு தோணும். பனியில மலைப்பாதை இறங்குறப்ப கண்ணாடி மூடிக்கிட்டா தெரியும். இன்ஜினைச் சுத்தி வர்ற சூடான கூலண்ட்தான் ஹீட்டர் காயிலுக்குள்ள ஓடுது. ஹீட்டர் சூடாகாம, இன்ஜின் டெம்பரேச்சர் முள்ளும் மேல ஏறாம இருந்தா, தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம். முள் மேல ஏறுது, ஆனா காத்து குளிர்ச்சியா வருதுன்னா கூலண்ட் குறைஞ்சிருக்கு. வண்டியை ஓரங்கட்டுங்க. சூடா இருக்குறப்ப ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கால் வைக்கிற இடம் ஈரமா, இனிப்பு வாசனையோட பிசுபிசுன்னு இருந்தா ஹீட்டர் காயில் கசியுது. வெறும் தண்ணின்னா ஏ.சி. டிரெயின் குழாய் அடைச்சிருக்கு, சின்ன வேலை.

கண்ணாடி மூடினா ஹீட்டரோட ஏ.சி.யையும் சேர்த்துப் போடுங்க. ஏ.சி. காத்துல இருக்குற ஈரத்தை எடுத்துடும், ஹீட்டர் அதைச் சூடாக்கி அனுப்பும். உள்காத்தையே சுத்த விடுற பட்டனை ஆஃப் பண்ணிடுங்க.

வொர்க்‌ஷாப்ல மூணு விஷயம் கேளுங்க. லீக் எங்கன்னு காட்டுங்க. கேஸ் போடுறதுக்கு முன்னாடி வேக்யூம் போட்டீங்களா? எத்தனை கிராம் போட்டீங்க? சரியான அளவு பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கர்லயே இருக்கும். அளவு கூடினாலும் கூலிங் குறையும், கம்ப்ரசருக்கும் கேடு. கேஸ் லைனை மட்டும் நீங்களே திறக்காதீங்க. தோல்ல பட்டா உறைஞ்சு புண்ணாகிடும். பல வண்டிகள்ல இருக்குற ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்குற கேஸ். அதனால ஒவ்வொரு லீக்கும் நம்ம எல்லாருக்கும் பில்லுதான்.

உங்க வீட்டுப் பக்கம் பிக்கப் ஓட்டுற அண்ணன் யாராவது இருந்தா இதைக் கேக்க வைங்க. ஒரு தடவை கேஸ் செலவு மிச்சமானாலும் அவருக்கு லாபம். அடுத்த எபிசோட்ல பாப்போம்!