பாத்தி யாருடையது? போர்க்கால வீட்டுத்தோட்டமும் லயத்து மக்களும்



கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவை வெளியுலகம் ஒரு போர்ப்படத்தால் அறியும். 1957இல் வெளிவந்த டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' இங்கே களனி கங்கைக் கரையில் எடுக்கப்பட்டது. அந்தப் படத்துக்குப் பின்னணியான சயாம் - பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளம். அதைப் போடக் கொண்டுபோய்ச் சாகடிக்கப்பட்டவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் ஏராளம். படத்தின் கதையோ வெள்ளைக்காரக் கைதிகளுடையது. நாம் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருளிலும், போர்க்கால வீட்டுத்தோட்ட வரலாற்றிலும், இப்படியொரு விடுபடல் இருக்கிறது.

போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. குண்டு விழுந்ததைத்தான் பாடநூல்கள் விரித்துச் சொல்கின்றன. சாதாரண வீடுகளை உலுக்கியது ரங்கூனின் வீழ்ச்சி. அரிசிக்குப் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து அடுப்பில் ரொட்டி நிலைபெற்றதில் அந்த மாவுக்குப் பங்குண்டு. விவசாய, காணி அமைச்சராயிருந்த டி. எஸ். சேனநாயக்க உணவுப்பயிர் செய்யச் சொல்லி நாடெங்கும் ஊக்கினார். தோட்டங்களும் அதில் சேரவேண்டியிருந்தது.

சப்ரகமுவவுக்கு மேலும் ஒரு சுமை. மலாயாவும் ஒல்லாந்தரின் சுமாத்திரா, ஜாவாவும் விழுந்தபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை ரப்பரில் பெரும்பங்கு இலங்கையினுடையது. கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில், மரம் இனிப் பிழைக்குமா என்று பாராமல் பால் வெட்டினார்கள். வெட்டி முடித்து லயத்துக்குத் திரும்பியவர்களே பிற்பகலில் மண்வெட்டியும் பிடிக்கவேண்டும்.

எங்கே நட்டார்கள்? லயத்தின் பின்புறம், கானோரம், தோட்டத் துரை விட்டுவைத்த துண்டு நிலத்தில். மரவள்ளி, வத்தாளை, சேம்பு, கீரை, கொச்சி, வேலியில் ஓர் அவரைக்கொடி. இந்தப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். சரிவில் மரவள்ளியைப் பிடுங்கினால் இளகிய மண் அடுத்த மழையில் கங்கைக்குப் போய்விடும். ஆனாலும் மரவள்ளியை விடமுடியவில்லை. தடியை ஊன்றினால் முளைக்கும், உரம் கேட்காது, முற்றிய பிறகும் சில மாதம் மண்ணிலேயே விட்டுவைத்துத் தேவைக்குப் பிடுங்கலாம். பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் கிழங்கைச் சேர்த்துவைக்க இடமேது? கசக்கும் கிழங்கை எப்படி அவிப்பது, எந்தத் தண்ணீரை ஊற்றிவிடுவது என்பதெல்லாம் பெண்களின் கைப்பழக்கமாக வந்த அறிவு. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று இன்றும் சொல்வார்கள். அது எப்போது, எங்கிருந்து வந்த பேச்சு என்று யாராவது ஆராய்ந்தால் நான் ஆசையோடு படிப்பேன். அதே ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தமிழர் உயிர் பிடித்துக் கிடந்ததும் இந்தக் கிழங்கால்தான்.

பிரித்தானியாவில் 'வெற்றிக்காகத் தோண்டு' என்ற இயக்கத்தின்போது குடிமக்கள் பயிரிட்ட பொதுநிலத் துண்டுகள் சுமார் 14 லட்சமாயின. அமெரிக்காவில் 1943இல் 2 கோடித் தோட்டங்கள் என்பார்கள். அந்தப் பெருமைக் கதையை அப்படியே தூக்கி மலையகத்தின்மேல் வைக்கும் கட்டுரைகள் எனக்கு உவப்பில்லை. லண்டன்வாசிக்கு உள்ளூராட்சி மன்றம் துண்டு நிலத்தை வாடகைக்குக் கொடுத்தது. லயத்து மனிதர் நட்டதோ துரையின் தயவில். வேலை போனால் காம்பரா போகும்; கூடவே பாத்தியும், தோட்டம் வழங்கிய அரிசியும் போகும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எத்தனை அந்தர் கிழங்கு விளைந்தது என்று மட்டும் கணக்கிடுவது பாதி வரலாறு.

போர் முடிந்த மறு ஆண்டே இதற்குச் சான்று கிடைத்தது. இதே கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்காக அரசு எடுத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னார்கள். போகாதவர்கள்மேல் அத்துமீறல் வழக்கு. 1946 ஜூனில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. காணி அமைச்சு அப்போதும் சேனநாயக்கவிடமே இருந்தது. தோட்டங்களால் நெருக்குண்ட சிங்களக் கிராமத்தவரின் நிலத்தேவை பொய்யல்ல. ஆனால் அதை நிறைவேற்ற, உணவுப்பயிர் செய்யச் சொல்லப்பட்ட அதே மக்கள் சில ஆண்டுகளுக்குள் அத்துமீறியவர்களாக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை மறுத்த 1948இன் குடியுரிமைச் சட்டம் அதற்கடுத்த படி.

பயிர் செய்யச் சொல்லும் அழைப்பு மீண்டும் வந்தது. 2022 ஜூனில், பொருளாதாரம் சரிந்தபோது, அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்ய வெள்ளிக்கிழமை விடுமுறை என்று அரசு அறிவித்தது. நாட்கூலிக்கு நிற்கும் கொழுந்துக்காரிக்கு அந்த வெள்ளிக்கிழமை இல்லை. இன்று தனிவீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் நிலம் கிடைத்த குடும்பங்கள் உண்டு. இன்னும் லயத்திலேயே இருப்பவர்கள் அதைவிடப் பலர்.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளைய ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அரச ஆவணங்களோடு நின்றுவிடாதீர்கள். பழைய செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேடுகளையும் அரிசிக் கணக்குப் புத்தகங்களையும் தோட்ட அலுவலகங்கள் எரித்துவிடுமுன் கேட்டு வாங்குங்கள். 1942ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் தொண்ணூறைத் தொட்டவர்கள். அவர்கள் பேச்சை இந்த ஆண்டே பதிவு செய்யுங்கள். என்ன நட்டீர்கள் என்று கேட்கும்போது, அந்த இடத்தை யார் கொடுத்தார்கள், யார் திரும்ப எடுத்தார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.