முளை அடிக்கும் முன்



நகையை அடகு வைத்தும், நிலத்தை ஒத்திக்கு விட்டும் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இந்த அரங்கில் இருக்கின்றன. என் முதல் வாழ்த்து அவர்களுக்கு. அடுத்த வாழ்த்து, அந்த உழைப்புக்குப் பலன் சேர்த்து இன்று பட்டம் பெறும் உங்களுக்கு.

நீங்கள் பொறியாளர்களாக வெளியே வரும் காலம் பெரிய காலம். தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இல் காற்றாலைகளை நிறுவியபோது அது ஒரு சோதனை முயற்சியாகவே இருந்தது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்று முப்பந்தலில் மின்சாரமாகிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் இயங்கத் தொடங்கியது. 2030-க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத வழிகளில் 500 கிகாவாட் திறனை எட்டுவது இந்தியாவின் இலக்கு. அதில் ஒரு பங்கு உங்கள் வரைபடங்களில் உருவாகப் போகிறது.

இந்த மின்சாரம் நமக்குக் கட்டாயம் வேண்டும். நிலக்கரிச் சாம்பல் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றை என்ன செய்தது என்று அங்குள்ள மீனவர்களுக்குத் தெரியும். கடல் சூடேறியதால் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் 2010-இலும் 2016-இலும் வெளுத்துப் போயின. எனவே காற்றையும் வெயிலையும் நம்புவது உயிரினங்களைக் காக்கும் வழிகளில் ஒன்று. ஆனால் நோக்கம் நல்லது என்பதாலேயே விளைவும் நல்லதாகிவிடாது. ஒரு காற்றாலையோ சூரியப் பலகையோ அந்த வட்டாரத்தின் உயிர்களைக் கெடுக்குமா, கெடுக்காதா என்பதில் பெரும்பகுதி அதை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. இன்று உங்களிடம் நான் வலியுறுத்த வந்தது இந்த ஒன்றைத்தான்.

நம் மாவட்டங்களில் இத்தகைய திட்டங்களுக்கு இடம் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது வருவாய்த் துறைப் பதிவேட்டில் தரிசு என்று குறிக்கப்பட்ட நிலங்களை. தூத்துக்குடியின் தேரிக்காடும், ராமநாதபுரத்தின் கரிசலும், திருநெல்வேலியின் முட்புதர்க் காடும் காகிதத்தில் வெறுமையாகவே தெரியும். நேரில் போய்ப் பாருங்கள். வெறுந்தரையில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கும். புதருக்குள் கௌதாரியும் முயலும் இருக்கும். பனை ஓலைகளில் பனை உழவாரன் கூடு கட்டியிருக்கும். கீதாரிகள் ஆட்டுக்கிடை போடும் இடமும், மழைநீர் கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலும் அங்கேதான் இருக்கும். மண்வாரி இயந்திரம் ஒரே வாரத்தில் நிலத்தைச் சமப்படுத்தும்போது இவை எல்லாமே சேர்ந்து போகின்றன.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை காற்றாலைகளுக்கும் சூரிய ஒளி மின் திட்டங்களுக்கும் முன் அனுமதியைக் கட்டாயமாக்கவில்லை. எனவே அந்த அனுமதியோடு வரும் மக்கள் கருத்துக் கேட்பும் நடக்க வேண்டியதில்லை. சட்டம் கேட்காத கேள்வியை அந்த நிலத்தில் முதலில் கால் வைக்கும் பொறியாளர்தான் கேட்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் தார்ப் பாலைவனம் சாட்சி. கானமயில் என்னும் பெரும் பறவை ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் வாழ்ந்தது. இன்று உலகில் எஞ்சியிருப்பவை சுமார் 150 மட்டுமே. அவற்றில் பெரும்பாலானவை தார்ப் பாலைவனத்தில் இருக்கின்றன. காற்றும் வெயிலும் நிறைந்த அந்தப் பாலையில் மின் நிலையங்கள் பெருகின. அவற்றோடு உயரழுத்தக் கம்பிகளும் பெருகின. கானமயில் 15 கிலோ வரை எடை கொண்டது. அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ள கம்பி கடைசி நொடியில்தான் தெரியும். அந்த எடையோடு சட்டென்று திரும்பவும் முடியாது. ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும் பறவை என்பதால் ஒவ்வொரு சாவும் பேரிழப்பு. அங்கே சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் மின்கம்பிகளால் ஆண்டுக்கு ஏறக்குறைய 84,000 பறவைகள் மடிவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. உச்ச நீதிமன்றம் 2021-இல் கம்பிகளை நிலத்தடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024-இல் அந்த ஆணையைத் திருத்தி நிபுணர் குழு அமைத்தது. பறவையின் வாழிடத்தை முதலிலேயே வரைபடத்தில் குறித்து, மின்தடத்தை விலக்கி அமைத்திருந்தால் இத்தனை வழக்கும் செலவும் வந்திருக்காது. அதைவிட முக்கியமாக, அந்தப் பறவைகள் உயிரோடு இருந்திருக்கும்.

கேடு மோதிச் சாவதோடு நிற்பதில்லை. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் சால்கேவாடி என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அங்குள்ள காற்றாலைப் பகுதியை இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மரியா தாக்கர் குழுவினர் ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காற்றாலைகள் இல்லாத இடத்தோடு ஒப்பிட்டால், அவை சுழலும் இடத்தில் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. வேட்டையாடும் பறவை குறைந்ததும் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகின. அவற்றின் உடல் மெலிந்தது, மனிதர் நெருங்கினால் ஓடும் எச்சரிக்கை குறைந்தது, ஆண் ஓணானின் தொண்டை நிறமும் மங்கியது. வானத்தில் சுழலும் இறக்கை தரையில் ஊரும் உயிரின் உடலையே மாற்றியிருக்கிறது. செத்த பறவைகளை மட்டும் எண்ணுகிற அறிக்கையில் இந்த மாற்றம் இடம்பெறவே முடியாது.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது என்பதால்தான் நான் உங்கள் முன் நம்பிக்கையோடு நிற்கிறேன். ஸ்பெயினின் காதிஸ் மாகாணம் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பறவைகள் கடக்கும் வாசல். அங்கே பாறு கழுகுகள் காற்றாலைகளில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தன. பயிற்சி பெற்ற காவலர்கள் வானத்தைப் பார்த்து, ஆபத்து நெருங்கும்போது குறிப்பிட்ட காற்றாலையை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள். கழுகுச் சாவுகள் பாதியாகக் குறைந்தன. அதனால் இழந்த மின்சாரம் ஆண்டுக்கு 0.07 சதவீதம். நார்வேயின் ஸ்மோலாத் தீவில் நான்கு காற்றாலைகளில் ஒவ்வொன்றிலும் ஓர் இறக்கைக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசினார்கள். பறவைச் சாவுகள் சுமார் 70 சதவீதம் குறைந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு சொன்னது. காற்று மெலிந்த இரவுகளில் இறக்கைகளைச் சுழலவிடாமல் வைத்தால் வௌவால்கள் சாவது வெகுவாகக் குறைகிறது என்பதும் பல நாடுகளில் கண்ட உண்மை.

நம் ஊரில் நீங்கள் செய்யக்கூடியவையும் நிறைய. சூரியப் பலகைகளை முதலில் கூரைகளிலும், ஏற்கெனவே சிதைந்துபோன நிலங்களிலும் வையுங்கள். வேலியின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் கீரியும் முயலும் வந்துபோகும். வரத்துக்காலை மறிக்காதீர்கள். பலகைகளுக்குக் கீழே களைக்கொல்லி தெளிப்பதற்குப் பதில் செம்மறியாடுகளை மேயவிடுங்கள்; கீதாரிக்கும் பிழைப்பு நிற்கும். மின்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பறவை அமர்ந்தால் மின்சாரம் தாக்காதபடி உறை மாட்டுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பின் பொருளை உணர்ந்து, பனை நிற்கும் இடத்தை விட்டுத் திட்டத்தை வரையுங்கள்.

அடுத்த கட்டம் கடலில் வரப்போகிறது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு ஒன்றிய அரசு 2024-இல் நிதி உதவித் திட்டத்தை அறிவித்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், பவளப் பாறைகள், கடற்புல் வெளிகள் இருக்கின்றன. அதற்கு வடக்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியா என்னும் கடற்பசுக்களின் காப்பகமாக மாநில அரசு 2022-இல் அறிவித்தது. கடலடியில் தூண் அறையும் ஓசை நெடுந்தொலைவு போகும். ஜெர்மனியில் தூண் அறையும் இடத்திலிருந்து 750 மீட்டரில் ஓசை 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்து, தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை எழுப்பி ஓசையைக் குறைக்கிறார்கள். நம் கடலில் முதல் தூண் இறங்கும் முன்பே அத்தகைய வரம்பு இங்கும் வர வேண்டும். அதை எழுதும் குழுவில் உங்களில் சிலர் இருப்பீர்கள். அப்போது ராமேஸ்வரம், தூத்துக்குடி மீனவர்களையும் அந்த மேசைக்கு அழைத்து உட்கார வையுங்கள். ஆவுளியா எங்கே மேய்கிறது, எந்த மாதத்தில் எந்த மீன் கரைக்கு வருகிறது என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள்.

தோழர்களே, வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே உங்கள் முன் ஒரு நில வரைபடம் வரும். கெடு நெருங்கிவிட்டது, கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த நிலத்தை ஓர் ஆண்டின் எல்லாப் பருவத்திலும் யாராவது போய்ப் பார்த்தார்களா? இதைக் கடந்து போகும் பறவைகள் எவை? இதை நம்பி வாழும் மனிதர்களிடம் பேசியாயிற்றா? பதில் இல்லையென்றால், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். எழுத்தில் சொல்லுங்கள். இளையவர் சொல் எடுபடாது என்று தயங்காதீர்கள். தரவோடு சொல்லப்பட்ட மறுப்பு கோப்பில் நிலைத்திருக்கும். அடுத்து வருபவருக்கு அது துணையாகும்.

தவறான இடத்தில் கட்டிய காற்றாலையை இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு யாரும் நகர்த்தப் போவதில்லை. முளை அடிக்கும் முன் அதை மாற்ற ஒரு கோடு போதும். அந்தக் கோட்டை வரையும் கல்வியை இந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கு வேண்டிய துணிவையும் அக்கறையையும் நீங்கள் கொடுங்கள். ஒளியும் வேண்டும், உயிர்களும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரும் பொறியாளர்களாக வளருங்கள். வாழ்க, வெல்க.