மரத்தின் தரப்பு

பெங்களூரில் பசவேஸ்வரா வட்டம் முதல் ஹெப்பாள் வரை எஃகு மேம்பாலம் கட்ட 812 மரங்களை வெட்டும் திட்டத்தை எதிர்த்து 2016 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் மனிதச் சங்கிலியாய் நின்றனர். 2017 மார்ச்சில் கர்நாடக அரசு அதைக் கைவிட்டது. மரத்தை ஏன் காக்க வேண்டும்? நிழல், தூய காற்று என மனிதர் பெறும் பயன்களைக் கடந்து, தன் வாழ்வுக்காகவே மதிக்கப்பட வேண்டிய தகுதி மரத்துக்கு உண்டா என்பதையே சூழல் அறவியலார் ‘அறத்தகுதி’ என்னும் கேள்வியாக எழுப்புகின்றனர். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்டோன், பேச இயலாத குழந்தைக்குப் பாதுகாவலர் வாதாடுவதுபோல் மரத்துக்காகவும் ஒருவர் நீதிமன்றத்தில் நிற்கலாம் என்று 1972இல் வாதிட்டார். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையோ 2022இல் இயற்கையை உரிமைகள் உடைய உயிராகவே அறிவித்தது.

பெங்களூரின் ஆஸ்டின் டவுன் போன்ற நெருக்கமான பழைய குடியிருப்புகளில் மரத்துக்குக் கோடரி மட்டுமே பகையன்று. நடைபாதைச் சிமென்ட் அடிமரத்தை ஒட்டி இறுகும்போது மழைநீரும் காற்றும் வேரை எட்டாமற் போக, விளம்பரத் தகட்டுக்காக அறைந்த ஆணி பட்டைக்குள் துருவேறுகிறது. 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரத்தை வெட்ட மர அலுவலரின் அனுமதி வேண்டும். மூச்சடைத்து மெல்லச் சாகவிடுவதற்கு எவரும் அனுமதி கேட்பதில்லை, இது பெருங்கொடுமை. தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்ட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. அந்த ஒரு மீட்டர் மண் பெங்களூர் மரங்களுக்கும் உரியதே.