இருப்புப் பாதையும் நாமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



1856 ஜூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்ட புகைவண்டி வாலாசா வரைதான் ஓடிற்று. அப்பாதை மேற்கே நீண்டு 1861இல் சேலத்துக்கு வந்தது. ஊரை விட்டுத் தள்ளிச் சூரமங்கலத்தில் நிலையம் எழுந்தது. மறு ஆண்டில் சென்னையும் மேலைக்கரைப் பேய்ப்பூரும் ஒரே பாதையில் இணைந்தன. நாமக்கல்லுக்கு இரயில் வர மட்டும் 2013 ஆயிற்று. நாமக்கல் அன்பர்களின் அந்த மனக்குறையை இன்னொரு நாள் பேசுவோம்.

பாதைக்கு மண் சுமந்தவர்களிலும், வெயிலில் சரளைக்கல் இட்டுத் தண்டவாளம் சரிபார்த்த கேங்மேன்களிலும் நம் பாட்டன்மார் பலர். காவிரிக்கு அப்பால், ஈரோட்டு லோகோ ஷெட்டின் நீராவிக் காலத்தை நம் முதியோர் இன்றும் சொல்வர். எஞ்சின் புறப்படப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டிக் கொதிகலனில் நீராவி ஏற்ற வேண்டும். திரும்பி வந்ததும் சாம்பற்குழியின் மேல் நிறுத்தி, கனன்றுகொண்டிருக்கும் கசடை வாரி இறக்க வேண்டும். கிளீனராகச் சேர்ந்தவர் பயர்மேனாகி, ஷண்டராகி, டிரைவராக உயரலாம். ஆனால் விதிப்புத்தகம் படிக்கத் தெரிய வேண்டுமே! எழுத்தறியாதவர் சாம்பற்குழியிலேயே ஓய்வு பெற்றார். எழுத்தறிந்த நம்மவர் சிலரும் ஏணியின் நடுப்படியிலேயே நிறுத்தப்பட்டனர். பின்னே வந்தோர் முன்னே போனதைக் கண்டு மனம் புழுங்கிய ஒரு பயர்மேனின் வீட்டில் வளர்ந்தவர்கள் நாம்.

அந்த ஏணி நீதிமன்றம் வரை போயிற்று என்பதை இளைஞர் பலர் அறியார். மூன்றாம் நிலைத் தேர்வுப் பதவிகளுக்கான உயர்விலும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு உண்டென 1959இல் இரயில்வே வாரியம் ஆணையிட்டது. தென்னக இரயில்வேயின் கோர்ட் இன்ஸ்பெக்டர் ஒருவர் அதை எதிர்த்து வழக்காட, சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தென்னக இரயில்வேயின் பொது மேலாளர் மேல்முறையீடு செய்தார். 1961 ஏப்ரல் 28ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவரில் மூவர், அரசியல் சட்டம் 16(4)இல் கூறப்படும் ‘பதவிகள்’ என்னும் சொல் உயர்வுப் பதவிகளையும் குறிக்கும் என்றனர். ரங்காச்சாரி வழக்கு என்பது இதுவே. மூவருக்கு எதிராக இருவர். ஒருவர் மனம் மாறியிருந்தால் நம் நிலை என்ன?

அவ்வுரிமையும் நிலைத்து நிற்கவில்லை. 1992இல் மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாதென்றது. 1995இல் நாடாளுமன்றம் 77ஆம் திருத்தத்தால் 16(4A) என்னும் உட்பிரிவைச் சேர்த்து அதை மீட்டது.

2007 முதல் சேலம் தனிக்கோட்டமாக இயங்குகிறது. சாம்பற்குழிகளுக்கு இன்று வேலையில்லை. உயர்வுப் பட்டியல்கள் இன்றும் ஒட்டப்படுகின்றன. 16(4A)இன் தமிழ்ப் படியைச் சங்க நூலகத்தில் வைத்துள்ளோம். இரயில்வேத் தேர்வு எழுதவிருக்கும் தம்பி தங்கையர் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.