முதலில் கேளுங்கள்

இன்று பட்டம் பெறும் சிறப்பாசிரியர்களே!

நாம் கூடியிருக்கும் இந்த நாவலூரிலிருந்து முட்டுக்காடு அதிக தூரமில்லை. 2005-ல் தொடங்கப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1890-லேயே பார்வையற்றோர் பள்ளி வந்துவிட்டது. கற்றுக்கொடுப்பதில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கும் பழக்கம்தான் இன்னும் போதவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், படியருகே நின்ற பார்வையற்ற மாணவன் ஒருவனின் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். அவன் நின்றுவிட்டான். "சார், நீங்க என்னைப் பிடிக்காதீங்க. நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றான். அரை அடி பின்னால் நடந்தபடி, என் கை ஏறி இறங்குவதை வைத்தே படிகளை அறிந்துகொண்டான். பிடிமானம் அவன் கையில் இருந்தது; வேண்டாமென்றால் விட்டுவிடலாம். உதவிக்கும் இழுத்துப்போவதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் கற்றுத் தந்தவன் அவன்.

அப்படி இழுத்துப்போவது பல விதமாக நடக்கிறது. "உனக்கு எதுக்கும்மா கணக்கு?" என்று சொல்லிப் பாடத்தையே பறிக்கிறோம். பிள்ளை அருகில் இருக்கும்போதே அம்மாவிடம் "சாப்பிட்டானா?" என்கிறோம். நன்கொடைக்காக அவன் படத்தை அவனுக்குத் தெரியாமலே வெளியிடுகிறோம். தன் படத்தைப் பார்க்க முடியாத பிள்ளையிடம் சம்மதம் கேட்பது மற்றவர்களிடம் கேட்பதைவிட முக்கியமான கடமை.

பார்வையற்றவர்களால் முடியாது என்று பிறர் முடிவு செய்தது எத்தனையோ முறை தவறாகியிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன், முழுமையாகப் பார்வையற்றவர். 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பார்வையின்மையைக் காரணம் காட்டி நீதித்துறைப் பணியை மறுக்க முடியாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீத இடம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும். இது இரக்கத்தால் தரும் பிச்சை இல்லை, உரிமை. அந்த இடம் வரை வந்து சேரும் படிப்பை அவர்களுக்குக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

கரும்பலகையைக் காட்டி "இதை இதோடு கூட்டு" என்று சொல்லாதீர்கள். எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரெயில் புத்தகம் வரவில்லை என்றால் வரும்வரை கேளுங்கள்.

வகுப்புக்குள் நுழைந்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். வெளியே போகும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் போனது தெரியாமல், ஆளில்லாத நாற்காலியிடம் ஒரு பிள்ளை பேசிக்கொண்டிருக்கும் நிலை உங்கள் வகுப்பில் வரக் கூடாது.